பச்சை மையில் எழுதிய வரி

எங்கள் வார்டில் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அந்த ஏற்பாடு எலும்பு டாக்டருடையது. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் மூவரும் தனித்தனியே வந்து தனித்தனியே போவதால்தான் நோயாளி கஷ்டப்படுகிறார் என்பார். அடுத்தவருக்குத் தெரிய வேண்டியதைப் பலகையில் எழுத வேண்டும். படித்து அதன்படி செய்தவர் அந்த வரியை அழிக்க வேண்டும். டாக்டருக்குச் சிவப்பு மை, பிசியோதெரபி தம்பிக்கு நீலம், நர்ஸான எனக்குப் பச்சை. அழிக்கிற துணி எப்போதும் காணாமல் போய்விடும் என்பதால் எல்லோரும் உள்ளங்கையால்தான் அழிப்போம். வீட்டில் என் கையைப் பார்த்து மகள் சிரிப்பாள்.

தென்காசியில் நான் வேலை பார்க்காத ஆஸ்பத்திரி கிடையாது. "சொன்னதைச் செய்ங்க சிஸ்டர்" என்று அதட்டாமல், "நீங்க என்ன நினைக்கீங்க?" என்று என்னிடம் கேட்ட முதல் டாக்டர் அவர். அந்த ஒரு கேள்விக்காக அவரை மலைபோல் நம்பினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

இலத்தூர் அரிசிக்கடை அண்ணாச்சி சாரல் காலத்தில் எங்களிடம் வந்தார். உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனவர், பாறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கவும் ஆரம்பித்தார். ஊசி போடும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "கடைக்கு என் கால்ல நடந்து போவணும் தாயி. அது போதும்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. அன்று காலை ஏழரைக்கு வழக்கம்போல இன்சுலின் போட்டேன். அந்நேரம் வந்துவிடுகிற இட்லி வரவில்லை. மழையில் கேண்டீன்காரர் எங்கோ மாட்டிக்கொண்டார். அண்ணாச்சியின் மனைவி வெளியே ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போனார். நான் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "ஊசி போட்டாச்சு. இன்னும் சாப்பிடலை. நடக்க விடாதீங்க." எழுதிவிட்டு, அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்த குழந்தைக்கு டிரிப் மாற்றப் போனேன்.

அரை மணி நேரம் கழித்துத் தடால் என்று சத்தம். ஓடி வந்தால் அண்ணாச்சி தரையில் கிடக்கிறார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, நினைவில்லை. பக்கத்தில் வாக்கர் கவிழ்ந்து கிடக்க, தம்பி கட்டிலின் தலைமாட்டில் நின்றான். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டோம். அவன் உள்ளங்கை முழுக்கப் பச்சை மை. பலகையில் ஒரு எழுத்து இல்லை. அந்த அவசரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருந்தது; குளுக்கோஸ் ஏற்றியதும் அண்ணாச்சி கண் திறந்தார். அன்று காலை நடந்தது எதுவுமே அவருக்கு ஞாபகமில்லை. சேர்த்து வைத்த எலும்பு மறுபடியும் விட்டுப்போயிருந்தது.

மதியம் நிர்வாகியின் அறையில் கூட்டம். எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தப்பை அவரவரே முதலில் சொல்லிவிட வேண்டும், அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். "இட்லி வந்த பிறகு ஊசி போட்டிருக்கணும். அது என் தப்பு" என்றேன். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலை சார். போர்டுலயும் ஒண்ணும் இல்லை" என்றான்.

"ஏலே, கையைக் காட்டுலே!" என்று கத்திவிட்டேன். காட்டினான். சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.

டாக்டர் நிர்வாகியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "கம்யூனிகேஷன்தான் டீமோட உயிர்னு சிஸ்டர்கிட்ட எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன்."

சாயங்காலம் வண்டி நிறுத்துகிற இடத்தில் தம்பியை மடக்கினேன். அவன் அழுதான். "போர்டைப் படிச்சேன்க்கா. சாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அண்ணாச்சி மவன் மத்தியானம் துபாய்க்குக் கிளம்புதான், அதுக்குள்ள அப்பா நடக்கறதை வீடியோ எடுத்து அனுப்பணும், பத்தடிதானேன்னாரு. விழுந்ததும் பயத்துல அழிச்சிட்டேன். எனக்கு வேற வழி தெரியலக்கா."

நேரே டாக்டர் அறைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒருத்தர் பேரோட முடிஞ்சா ஆஸ்பத்திரி தப்பிக்கும் சிஸ்டர். இதையும் டீம் வொர்க்னே எடுத்துக்கங்க" என்றார். அடப்பாவி! நம்ப வைத்துக் கழுத்தறுப்பதற்கு இப்படியும் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தப்பு என்னுடையது மட்டும்தான் என்று அவர்கள் எழுதி நீட்டிய மன்னிப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. மறுநாளோடு எனக்கு அங்கே வேலை இல்லை என்று ஆனது.

அந்த மறுநாள்தான் அண்ணாச்சியைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம் நான், கால்பக்கம் தம்பி, பக்கத்தில் டாக்டர். ஆம்புலன்ஸ் கதவருகில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளுக்கு நூறு வாட்டி சாப்பிட்டியளான்னு கேப்பிய தாயி. அன்னைக்கு மட்டும் ஏன் யார்ட்டயும் சொல்லாம விட்டிய? சிஸ்டர் சொல்லலைன்னு எல்லாரும் சொல்லுதாவளே."

"எழுதி வச்சேன் அண்ணாச்சி. இந்தத் தம்பி படிச்சான். டாக்டருக்கும் தெரியும்."

தம்பி குனிந்து ஸ்ட்ரெச்சரின் சக்கரத்தைப் பார்த்தான். டாக்டர் அண்ணாச்சியின் தோளைத் தட்டி, "சிஸ்டர் மனசு சரியில்லாமப் பேசுதாங்க. நீங்க கவலைப்படாமப் போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார், அன்பாக.

அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. என் கையை விட்டுவிட்டு டாக்டருக்குக் கும்பிடு போட்டார்.