பள்ளியிலிருந்து நிறுத்திய பிள்ளை

லூயிஷாமில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆரம்பப் பள்ளியில், மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அனோஜினியின் வேலை. கோழித்துண்டை வெட்டிக் கொடுப்பாள். விழுந்தவர்களின் முழங்காலைத் துடைத்துவிடுவாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜேர்மனியில் வளர்ந்து, கலியாணமாகி லண்டனுக்கு வந்தவளுக்கு, இந்த ஊரில் தன்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த இடம்தான்.

மகள் மயூராவும் அங்கேதான் படித்தாள். ஆறு வயது. வீட்டில் வாய் ஓயாது. பள்ளி வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பிடிவாதமல்ல, பயத்தில் குரல் அடைத்துக்கொள்கிறது என்றார் மருத்துவர். பேச்சுப் பயிற்சிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். முறை வந்தபாடில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்துபோன பின்னும் மயூரா மட்டும் அசையாமல் இருந்தாள். மடியில் கம்பளிச் சட்டையைப் போட்டு மூடியிருந்தாள். அனோஜினி அருகே போய்க் குனிந்தபோதுதான் பாவாடை நனைந்திருப்பது தெரிந்தது. கழிவறைக்குப் போகவேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

“அம்மாவிட்டயாவது சொல்லியிருக்கலாமே, குஞ்சு?”

மயூரா நிலத்தையே பார்த்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அம்மாவோடும் அவளால் பேச முடியவில்லை.

அன்று மாலை கணவன் கௌசிகன் வேலையால் வந்ததும், மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

“நாலு பிள்ளையளோட பழகினாத்தானே வாய் திறப்பாள்? வீட்டுக்குள்ள வச்சிருந்தா இன்னும் முடங்கிப் போவாள். நீர் அவசரப்படாதேயும்.”

“அவள் இண்டைக்கு இருந்த இருப்பை நீங்கள் காணேல்லை.”

அவன் மகள் படுத்திருந்த அறைக்குள் போனான்.

தலைமை ஆசிரியை தடுக்கவில்லை. ஆனால், பெயரை எடுத்துவிட்டால் அந்த இடத்தை வைத்திருக்க ஏலாது என்று இருமுறை சொன்னார். அனோஜினி கையெழுத்து வைத்தாள். பிள்ளையைப் பகலில் பார்க்க வேறு ஆளில்லாததால் தன் வேலையையும் விட்டாள். கடைசி நாள் பிள்ளைகள் ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டார்கள். மயூரா எட்ட நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்களில் உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து மரினா என்ற பெண் வந்தார். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பதிவில் மயூராவைச் சேர்த்துக்கொண்டார். மயூரா அவரோடு பேசவில்லை. தான் எழுதியதையும் வரைந்ததையும் மட்டும் கொண்டுவந்து காட்டினாள். “நல்லாய்ச் செய்யிறீங்கள்” என்று மரினா ஆங்கிலத்தில் பாராட்டிவிட்டுப் போனார். உண்மைதான். குசினியில் சமைக்கும்போதே பருப்பை எண்ணிக் கணக்குப் படித்தார்கள். பிள்ளை சத்தமாகக் கதை வாசித்தாள். தான் செய்தது சரிதான் என்று அனோஜினிக்கு நெஞ்சு ஆறத் தொடங்கியது.

அப்படி ஒரு காலையில், வாசித்துக்கொண்டிருந்த மயூரா புத்தகத்தை மூடினாள்.

“அம்மா, நான் இப்ப நல்லாக் கதைக்கிறன்தானே? இனி விடுவினமோ?”

“எங்க விடுறது?”

“ஸ்கூலுக்கு. நான் கதைக்கேல்லை எண்டுதானே வீட்ட அனுப்பினவை. என்னாலதானே உங்களையும் வேலையால நிப்பாட்டினவை.”

அனோஜினி அவள் முன்னே மண்டியிட்டாள்.

“ஐயோ, இல்லையம்மா. ஒருத்தரும் உங்களை அனுப்பேல்லை. அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

பிள்ளை மூடிய புத்தகத்தைத் தள்ளிவைத்தாள்.

“அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?”

அனோஜினியால் அவளை அணைத்துக்கொள்ளத்தான் முடிந்தது. அன்றே பள்ளிக்கு அழைத்துக் கேட்டாள். இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டிருந்தது. கௌசிகன் “நான் அப்பவே சொன்னனான்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கவுன்சில் வேறொரு பள்ளியைக் காட்டியது. பஸ் மாறிப் போகவேண்டும். “பாத்திட்டு வருவமோ?” என்று இம்முறை மகளிடம் கேட்டாள். “ஓம்” என்று துள்ளினாள் மயூரா. ஆனால், அங்கே வாசலில் ஒரு ஆசிரியை சிரித்தபடி பெயர் கேட்டதும் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றாள். பிறகு அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏலாதென்று தலையை ஆட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. அந்தப் பள்ளியின் சறுக்குமரம், முயல்கூடு, சிவப்புக் கதவு என்று ஒவ்வொன்றாய் ஆசையோடு சொல்லிக்கொண்டே வந்தாள். அனோஜினி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, “ஓம் குஞ்சு, ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.