செவ்வாய்க்கிழமைக் கல்யாணங்கள்

குமரேசன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் என்பார் ஒருவர், ஆன்லைன் என்பார் இன்னொருவர். எதிர்வீட்டுப் பெரியவர் "சும்மா உக்காந்துகினு கீறான்" என்றே முடித்துவிட்டார். எனக்கு ஓரளவு தெரியும். ஆரணியில் என் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே உள்ள அறையில் இருந்துகொண்டுதான் அவன் சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறான். டீ குடிக்க இறங்கி வரும்போதெல்லாம் என்னிடம்தான் புலம்புவான்.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைக் கொடுத்தால் அந்த எண்ணுள்ள தட்டிலிருந்து செருப்பு வரும். வேறு கேள்வி கிடையாது. அவன் கம்பெனியின் டேட்டாபேஸும் அப்படித்தான். டோக்கன் போல ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய தகவலை எடுத்து நீட்டும். வினாடிக்கு எத்தனை பேருக்கு நீட்டுகிறது, ஒவ்வொருவரையும் எவ்வளவு நேரம் காக்க வைக்கிறது என்று அளப்பது குமரேசன் வேலை. பெஞ்ச்மார்க் என்கிறார்கள். பொய்க் கூட்டம் ஒன்றை அவனே உண்டாக்கி அதன்மேல் ஏவிவிட்டு, வருகிற நம்பரை எழுதி அனுப்புவான்.

தேசூர்ப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் அவனுடையது. அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். வேலை கொடுத்தவர் முன்னால் குரலை உயர்த்திப் பழக்கமில்லாத வீடு. அந்தப் பழக்கம் சட்டையைப் போலக் கழற்றிப் போடக்கூடியதல்ல என்று அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த வருஷம் அவன் கம்பெனி பட்டுப் புடவை வியாபாரிகளுக்காக ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தது. தமிழ்நாடு முழுக்க உள்ள ஜவுளிக்கடைகள் அதில் சரக்கைப் பார்த்து அங்கேயே ஆர்டர் போடலாம். எங்கள் ஊர் வியாபாரத்தில் முகூர்த்தத் தேதிதான் முதல் பேச்சு. என்ன கலர், எத்தனை புடவை எல்லாம் அப்புறம்தான். அதனால் ஒவ்வொரு தேதியையும் ஒரு கீயாக வைத்து, அந்தத் தேதிக்குத் தரக்கூடிய சரக்கையும் வந்த ஆர்டர்களையும் அதன்கீழ் அடுக்கியிருந்தார்கள். குமரேசன் அளந்தான். வினாடிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பதில். கம்பெனியில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல்.

ஊரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு அந்த நம்பரை வியாபாரிகளுக்குக் காட்டினார்கள். பட்டு வியாபாரி ஜெயவேல் கேட்டது ஒரே கேள்விதான்.

"இத்த டெஸ்ட் பண்ணது யாரு?"

"நம்ம குமரேசன்தாங்க."

"அப்ப சரி. நம்ம ஊட்டுப் புள்ள."

ஆடி பிறந்ததும் ஜெயவேல் தன் வியாபாரம் முழுவதையும் அதற்குள் மாற்றினார். இனிமேல் யாரும் போனில் ஆர்டர் சொல்ல வேண்டாம் என்று கடைகளுக்கெல்லாம் தகவல் அனுப்பினார். ஆடித் தள்ளுபடி நைட்டிக்கும் போர்வைக்கும்தான். முகூர்த்தப் பட்டு அசையாது. சாஃப்ட்வேரும் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் குமரேசன் வீட்டுக்கு மூன்று கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. போளூரிலிருந்து ஒன்று, கலசப்பாக்கத்திலிருந்து ஒன்று, உள்ளூர் ஒன்று. மூன்றிலும் ஒரே தேதி, ஆவணியின் முதல் முகூர்த்தம். "எந்தக் கல்யாணத்துக்குங்க போறது?" என்று அவன் மனைவி பவித்ரா கேட்டாளாம். அவன் எழுந்து என் மாடிக்கு ஓடிவந்தான்.

அவன் அனுப்பிய பொய்க் கூட்டம் வருஷத்தின் எல்லா நாட்களுக்கும் சரிசமமாகப் பிரிந்து போயிருந்தது. டெஸ்ட் செய்யும் கருவியில் முதலிலேயே அப்படித்தான் வைத்திருக்கும், அவன் மாற்றவில்லை. அதாவது, அவன் கணக்கில் செவ்வாய்க்கிழமையிலும் கல்யாணம் நடந்தது, சனிக்கிழமையிலும் நடந்தது. மார்கழியிலும் அஷ்டமியிலும் மேளம் கொட்டியது. இத்தனைக்கும் அவன் கல்யாணத்துக்கே ஆரணியில் ஒரு மண்டபம் கிடைக்காமல் போளூரில் போய் வைத்தோம். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கல்யாணம் பண்ணியும் பாராத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முகூர்த்த நாட்களுக்கு மட்டும் கூட்டத்தை ஏவி மறுபடி ஓட்டினான். கோயிலுக்கு வந்த அத்தனை பேர் செருப்பும் ஒரே தட்டில் இருந்தால் என்ன ஆகும்? மற்ற தட்டுகளில் நிற்கிறவன் ஈ ஓட்டுவான், இந்தத் தட்டில் ஒருவன் மிதிபட்டுச் சாவான். லட்சம் என்று ஓடியது ஆறாயிரத்தில் வந்து முனகியது. கடைசியில் நின்றவர்களுக்குப் பதிலே வரவில்லை.

அவனுடைய மேலதிகாரி லாவண்யாவுக்கு உடனே போன் போட்டான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"குமரேசன், நம்பர் கஸ்டமர் கைக்குப் போயாச்சு. இப்ப போய் தப்புன்னா யார் முகத்துல முழிக்கறது? அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணலாம்."

"அதுக்குள்ள ஆடிப்பெருக்கு வந்துடுங்க மேடம். அன்னைக்குத்தான் ஆவணிக் கல்யாணத்துக்கு எல்லாரும் புடவ எடுப்பாங்க."

"ஃபெஸ்டிவல் எல்லாம் ரிப்போர்ட்ல போட முடியாது, குமரேசன். விடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் "சரிங்க மேடம்" என்று போனை வைத்தான். அந்த "சரிங்க"வுக்காக அவனை அறையலாம் போலிருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ வாங்கி வரக் கீழே இறங்கினேன்.

அன்று சாயங்காலம் ஜெயவேலைப் பார்க்கப் போனான். கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தும் போனான். அதற்காகவாவது அவனைப் பாராட்டுகிறேன். நானும் கூடப் போனேன்.

"ண்ணா, ஆடிப்பெருக்கு அன்னைக்கி மட்டும் போன்லயும் ஆர்டர் வாங்குங்க. நான் பண்ண டெஸ்ட்டு சரியில்ல. கூட்டம் வந்தா தாங்காதுண்ணா."

ஜெயவேல் சிரித்தார். செல்போனை எடுத்துக் காட்டினார்.

"தோ பாரு, தொட்ட ஒடனே வருது. ஆடி பொறந்ததுலேர்ந்து ஒரு வாட்டி கூட நின்னதில்ல. நீ இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?"

"இப்ப ஆடிண்ணா. யாரும் வரல, அதான் நிக்கல."

"படிச்ச புள்ளைங்களே இப்டித்தான். எத்த செஞ்சாலும் சரியில்ல சரியில்லன்னுகினு. போன்ல வேணாம்னு நானே எல்லார்கிட்டயும் சொல்ட்டு, இப்ப மறுபடி போன்ல சொல்லுன்னா பேஜார்ப்பா. மருவாதியா இருக்குமா?" அவன் தோளைத் தட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவன் பயத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் மனிதர். நான் வாயைத் திறந்தபோது, "நீ செல்போன பாரு" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஊமை கண்ட கனவு போல உள்ளேயே வைத்துக்கொண்டு நடமாடினான். தினமும் அந்த டெஸ்ட்டை ஓட்டிப் பார்ப்பான். தினமும் அதே ஆறாயிரம்.

ஆடிப்பெருக்கு அன்று காலை கடைகள் திறந்தன. சேலத்திலும் மதுரையிலும் குடும்பம் குடும்பமாகப் புடவை எடுக்க உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஆவணியின் அந்த முதல் முகூர்த்தம். கொஞ்ச நேரத்தில் சாஃப்ட்வேரில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. காத்திருந்த கடைக்காரர்கள் வேறு ஊர் வியாபாரிகளுக்குப் போன் போட்டார்கள். தன்னிடம் போனில் கேட்கக் கூடாது என்று ஜெயவேல்தானே சொல்லியிருந்தார்.

ஜெயவேல் மூச்சு வாங்க என் மாடி ஏறி வந்தார். சத்தம் போடவில்லை. குமரேசன் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி பண்ணுப்பா. ஜல்தியா பண்ணு."

"என்னால இங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா. நான் அளக்கற ஆளு. அவ்ளோதான்."

அப்போது லாவண்யா கூப்பிட்டார். வியாபாரிகள் எல்லோரும் டேட்டாபேஸ் சரியில்லை என்கிறார்களாம். பழைய டெஸ்ட்டை, எதையும் மாற்றாமல், இப்போதே ஓட்டி நம்பரை அவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"மேடம், அந்த டெஸ்ட்டுல எல்லா நாளும் கல்யாணம்ங்க. அது…"

"ப்ளீஸ், குமரேசன். இப்ப பேச நேரமில்ல."

அவன் என்னைப் பார்த்தான். ஜெயவேலைப் பார்த்தான். அவர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குமரேசன் ஓட்டினான். டெஸ்ட் நடப்பது தனி மெஷினில். அங்கே கடையும் இல்லை, மணப்பெண்ணும் இல்லை. செவ்வாய்க்கிழமையிலும் மார்கழியிலும் பொய்க் கல்யாணங்கள் அமோகமாக நடந்தேறின. நம்பர் வந்தது. போன முறையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

அனுப்பினான். அடுத்த நிமிஷம் பக்கத்து ஸ்டூலில் ஜெயவேலின் போனில் மெசேஜ் வந்த மணி அடித்தது. அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நம்பரு நல்லாத்தான் கீதுப்பா" என்றார்.

மறுபடி அவர் போன் அடித்தது. சேலத்துக் கடைக்காரர் பெயர் வந்தது. போனில் வேண்டாம் என்று தானே சொன்னவர், எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.