அம்மா சொன்ன வேலை

கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளைக் கொல்லும் வைரஸ்களைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்கிறேன். அவை மனிதர்களைத் தொற்றுவதில்லை.

கொரோனா வந்ததும் ஆய்வகத்தை மூடிவிட்டார்கள். கீழப்பழுவூரில் அம்மாவோடு இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தையிடம் அம்மா, "எம்பொண்ணு வைரஸ்லதான் வேலை பாக்குறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். தினமும் சாயங்காலம் பூக்கட்ட வரும் அத்தை மறுநாளிலிருந்து வரவில்லை.

நானே போய் அவள் வாசலில் நின்றேன். "அது கடல்பாசிக்கு மட்டும் வர்றது அத்தே. நம்மள ஒண்ணும் செய்யாது."

அத்தை கதவைப் பாதி திறந்தாள். "தப்பா நெனைச்சுக்காத பாப்பா. வூட்ல கைப்புள்ள இருக்கு."

திரும்பி வந்துவிட்டேன். அம்மா அன்று சாப்பிடவில்லை.

சில மாதங்கள் கழித்து அம்மாவும் அத்தையும் மறுபடி பேசிக்கொண்டார்கள். சென்ற ஆண்டு பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில், நான் என்ன செய்கிறேன் என்று ஒரு பெரியவர் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காமலே, "காலேஜ்ல டீச்சரா இருக்கா" என்றாள். அருகிலிருந்த அத்தையும், "ஆமாங்க, டீச்சர்தான்" என்றாள்.

என்ன பாடம் என்று அவர் கேட்டார். "கடல்பாசி பத்திங்க" என்றேன்.