பாதியில் நின்ற கொக்கி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'இன்னொருதடவை'. எந்தச் சோதனை முடிந்தாலும், எத்தனை பேர் தலையாட்டினாலும், "இன்னொரு தடவை பாத்துடலாமே" என்று ஒரு குரல் வரும். அது அவளுடையதாகத்தான் இருக்கும். அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டாது என்று வைத்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டி வெகு காலமாகிவிட்டது. சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கே தோன்றும்.

கைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் பதினேழு வருடமாக அவளுக்கு வேலை. டிரில், கட்டர், மரம் அறுக்கும் ரம்பம் என்று கையில் பிடித்து ஓட்டும் மெஷின்களுக்குக் கைப்பிடி, மூடி, பட்டன் எல்லாம் வரைவாள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியதும் திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸ் குமிழை மூடும்போது 'டக்' என்று கேட்டால்தான் நிம்மதி. கேட்காவிட்டால் திறந்து மறுபடி மூடுவாள். கணவர் கீழே வண்டியை ஓடவிட்டபடி நின்று, "பூட்டிட்ட, நான் பார்த்தேன்" என்பார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட அதை எரிச்சலோடு சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் வரைந்த கொக்கியில் 'டக்' இல்லாமல் இருக்குமா?

ஏணி மேல் நின்று வேலை செய்கிறவர்களுக்கு டிரிலை எங்கே வைப்பது என்பது தீராத தலைவலி. இடுப்பில் செருகினால் பேண்ட் இறங்கும், ஏணிப்படியில் வைத்தால் உருளும். அதனால் டிரிலிலேயே ஒரு கொக்கி இருக்க வேண்டும், வேண்டும்போது விரிந்து ஏணியில் மாட்ட வேண்டும், வேண்டாதபோது கைப்பிடிக்குள் மடங்கி ஒளிந்துகொள்ள வேண்டும். இதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. எட்டு மாதம் மாரடித்தாள். கீலை இறுக்கமாக வைத்தாள், கொக்கி லொடலொட என்று ஆடாது. முழுக்க விரிந்ததும் ஒரு சின்ன எஃகுக் குண்டு பள்ளத்தில் போய் உட்காரும், 'டக்' என்று சொல்லும். அந்தச் சத்தம் சரியாக வருவதற்காகப் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பதினோரு முறை மாற்றினாள். வந்தபோது ஒரு குழந்தை முதல் வார்த்தை பேசியதைப்போல எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அச்சு வெட்ட எஃகு போய்விடும். ஒரு முறை வெட்டிய எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. அதன் பிறகு அந்தக் கொக்கி ஆயிரக்கணக்கான டிரில்களில் ஏறி, ஆயிரக்கணக்கான ஏணிகளில் தொங்கும். ஏணி ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு தலை இருக்கும். காலையிலிருந்து அவள் எண்ணிக்கொண்டிருந்தது அந்தத் தலைகளைத்தான்.

பயப்படக் காரணம் எதுவும் காகிதத்தில் இல்லை. சோதனைக்கூடத்து மெஷின் கொக்கியை முப்பதாயிரம் முறை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டது. வெளியாட்கள் நாலு பேருக்கு மாதிரி டிரில் கொடுத்து இரண்டு வாரம் வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் மேஜையில் வேலை செய்கிறவர்கள். ஏணி மேல் வேலை செய்த ஒரே ஆள் அவளுடைய கணவர். கட்டடங்களுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுவது அவர் தொழில். அவளுடைய தம்பியும் அவருடன்தான் வேலை செய்கிறான். ஒருவர் மேலே ஏறினால் மற்றவர் கீழே நின்று பலகை எடுத்துக் கொடுப்பார். 'கொக்கியால் ஏதேனும் தொந்தரவு உண்டா?' என்ற கேள்விக்குப் பதினான்கு நாளும் 'இல்லை', 'இல்லை' என்று கோடு போட்டதுபோல எழுதிக் கொடுத்திருந்தார்.

முந்தின நாள் திரும்பி வந்த அந்த டிரிலைத்தான் அவள் மேஜையில் வைத்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள். டக், டக். அப்போதுதான் பேட்டரியின் மூலை கண்ணில் பட்டது. கறுப்பு பிளாஸ்டிக் நகக்கண் அளவுக்கு நசுங்கி வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் சிமெண்ட் தூள் அப்பியிருந்தது.

சோதனைக்கூடத்துக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கருவிகளைக் கீழே போட்டுப் பார்ப்பதே அவருக்குப் பிழைப்பு. விரலால் தடவிப் பார்த்தார்.

"விழுந்திருக்கு."

"மேஜையில இருந்தா?"

"மேஜையில இருந்து விழுந்தா கீறல்தான் விழும். இது ஒரு ஆள் உயரமாவது இருக்கணும்."

கணவருக்கு போன் செய்தாள். கீழே வைக்கும்போது லேசாக இடித்திருக்கும் என்றார். சொன்னது பரவாயில்லை. ஆனால் கேள்வி முடியும் முன்பே சொன்னார். எதைக் கேட்டாலும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்கிற மனிதர் அவர். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலேயே டிரிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அவர்கள் வேலை செய்த இடம் கட்டி முடிக்காத ஓர் அலுவலகக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. நீளமான நடைவழியில் இரும்புப் பட்டிகள் கூரையிலிருந்து தொங்கின. பக்கத்து அறையில் யாரோ தகரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள், பல்லெல்லாம் கூசியது. கணவர் ஏணியில், தம்பி கீழே. இருவர் காதிலும் ரப்பர் அடைப்பு. இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் திரும்பவில்லை. டிரிலைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தம்பியின் முதுகில் தட்டினாள். அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த டிரிலைப் பார்த்தான், பிறகு மேலே மாமாவைப் பார்த்தான். திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஒரு முழி.

"சும்மாதான் வந்தேன். இதை வச்சு வேலை செய்யுங்க, நான் பாக்கணும்" என்று சைகையும் வாயுமாகச் சொன்னாள்.

கணவர் வாங்கிக்கொண்டார். நாலு ஸ்க்ரூ இறக்கினார். கொக்கியைச் சுண்டுவிரலால் விரித்து ஏணியில் மாட்டிவிட்டுப் பட்டியைச் சரிசெய்தார். மறுபடி எடுத்தார், இறக்கினார், மாட்டினார். கொக்கி ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் விரித்ததும், மாட்டுவதற்கு முன்னால், உள்ளங்கையால் கொக்கியை ஒரு தட்டு தட்டினார். ஐந்து முறையும் தட்டினார். ஆறாவது முறை அவள் கையசைத்து அவரை இறங்கச் சொன்னாள். அறுக்கிற சத்தம் நின்றிருந்தது. காது அடைப்பை எடுத்தார்.

"அந்தத் தட்டு எதுக்கு?"

"எந்தத் தட்டு?"

"விரிச்சதும் உள்ளங்கையால ஒண்ணு தட்டுறீங்களே."

"அதுவா. பழக்கம்."

"என் படத்துல தட்டு கிடையாது."

அவர் ஸ்க்ரூ டப்பாவை மூடினார், திறந்தார். தம்பிதான் வாயைவிட்டான். சின்ன வயதிலிருந்தே அக்கா நேரே நின்று கேட்டால் அவனிடம் ரகசியம் தங்காது.

"காதுல இது இருக்குல்லக்கா, டக்குன்னு சொல்றது எங்களுக்குக் கேக்காது. பாதியில நின்னாலும் முழுசா விரிஞ்ச மாதிரியே கையில தெரியும். அப்படியே மாட்டினா தொங்கும். ஏணி ஆட ஆட மெதுவா மடங்கும். அதான் தட்டுனா..."

அவள் கணவரின் காலைப் பார்த்தாள். ஷூவுக்குள் இருக்கிற அந்த வலது கட்டைவிரல் நகம் பத்து நாளாகக் கறுத்துக் கிடக்கிறது. குளியலறை நிலைப்படி இடித்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அன்றைக்கே அவள் கடைக்கு ஓடி ரப்பர் பட்டை வாங்கிவந்து நிலைப்படி முழுக்க ஒட்டி, இரண்டு நாள் நிலைப்படியைத் திட்டிக்கொண்டே மருந்து போட்டுவிட்டாள்.

"எப்போ?"

"நாலாவது நாள்" என்றார் கணவர்.

"மேல யாரு?"

"நான்தான்" என்றான் தம்பி. "மாமா குனிஞ்சு பலகை எடுத்துட்டு அப்பத்தான் நிமிர்ந்தாரு."

அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். குனிந்தபடியே இன்னும் ஒரு நொடி இருந்திருந்தால் என்று மனசு கணக்குப்போட ஆரம்பித்தது. நிறுத்தச் சொன்னால் அது நிற்குமா? அவள் வரைந்த கொக்கி, அவள் தம்பி கையால், அவள் கணவர் தலையில். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"ஏன் எழுதல?"

"எழுதினா நீ தூங்க மாட்ட." அவர் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "எட்டு மாசம் அதுக்காக எவ்வளவு பாடுபட்ட. ஒரு தட்டு தட்டினா சரியாப் போயிடுது. அதுக்குப் போய் உன்னைக் கலவரப்படுத்துவானேன்னு விட்டுட்டேன்."

"வாங்கப்போறவன் வீட்டுக்கெல்லாம் நீங்க போய்த் தட்டச் சொல்லித் தருவீங்களா?"

தம்பி கூரையைப் பார்த்தான்.

"நான் பயந்துப்பேன்னு ஊரே எதையும் சொல்றதில்ல. எனக்கு அது தெரியாதா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்களே, அப்ப எதையோ மறைக்கிறாங்கன்னு இன்னும் பத்து மடங்கு பயப்படுறேன். சொன்னாலாவது ஒரு பயத்தோட போயிருக்கும்."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். பாதியில நிக்குது."

"இன்னொரு தடவையா?" என்றார் அவர், சலிப்பை மறைக்காமல். "முப்பதாயிரம் தடவை ஓடியிருக்கு. ஒரு தடவைகூட நிக்கல."

"மெஷின் எப்பவும் கடைசிவரைக்கும் விரிக்கும் சார். மனுஷன் விரிக்க மாட்டான். காதை அடைச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு என்னோட சத்தம் கேக்காது. இந்த ரூம்ல உக்காந்து கேட்டுட்டு உலகத்துக்கே கேக்கும்னு நினைச்சுட்டேன்."

"ஏணி ரிப்போர்ட்டுல 'இல்லை'ன்னு இருக்கே. உங்க வீட்டுக்காரர்தானே எழுதினார்?"

இதுதான் அவள் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்த கேள்வி. "பொய் சார்" என்றாள். "நான் பயப்படுவேன்னு எழுதின பொய். அவர் கால் மேல விழுந்திருக்கு." முகம் காதுவரை எரிந்தது. வீட்டு விஷயத்தை அலுவலக மேஜையில் வைத்ததற்கா, பதினான்கு 'இல்லை'யையும் அவளே ஆசையாக நம்பியதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

தலைவர் வெகுநேரம் டிரிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொக்கியைப் பாதி விரித்துவிட்டுக் கையை எடுத்தார். சமர்த்தாக அங்கேயே நின்றது. பேனாவை மூடினார்.

"எத்தனை நாள் வேணும்?"

ஆறு வாரம் கேட்டாள். முதல் வாரம் முழுக்க வீண். தூக்கம் இல்லை, சோற்றில் மனசு இல்லை. ஏணியில் ஏறுகிறவர்கள் குடும்பத்தில் இருவர் இருக்க, போன் மணி அடிக்கும்போதெல்லாம் பதறி ஓடிப்போய் எடுத்தாள். இரண்டாவது வாரம் ஒரு காலை, வழக்கம்போல வெளியே கிளம்பும் முன் எல்லா விளக்கும் அணைந்திருக்கிறதா என்று சுவிட்சு சுவிட்சாகத் தொட்டுக்கொண்டு வந்தவள், குளியலறை சுவிட்சின் முன்னால் நின்றாள். அதை மெதுவாக நடுவில் நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. இந்தப் பக்கம் விழுந்தது, இல்லாவிட்டால் அந்தப் பக்கம். பத்து முறை செய்தாள். கீழே வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் பெருமைப்பட்ட இறுக்கமான கீலைக் கழற்றி எறிந்தாள். அதற்குப் பதில் ஒரு ஸ்பிரிங். கொக்கியை எங்கே விட்டாலும் சரி, ஒன்று முழுக்க விரியும், இல்லை முழுக்க மடங்கும். நடுவில் அதற்கு இடமே கிடையாது. 'டக்'கையும் அவள் எடுக்கவில்லை. கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

புது மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரிடம் கொடுத்தாள். கூடவே பதினான்கு நாளுக்கான காகிதம். "இதுல எது நடந்தாலும் எழுதணும்" என்றாள். அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "எதுவா இருந்தாலுமா?" என்று கேட்டார். "எதுவா இருந்தாலும்."

பதினைந்தாம் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் காகிதம் வந்தது. பதினான்கு வரியிலும் கொக்கிக்கு 'இல்லை'. ஏழாவது நாளில் மட்டும், 'தட்டிப் பார்த்தேன், தேவைப்படவில்லை' என்று எழுதியிருந்தார். அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. காகிதத்தை மடிக்கப்போனபோதுதான் பின்பக்கமும் எழுத்து தெரிந்தது. குண்டு குண்டாக, அழுத்தி எழுதியிருந்தார்.

'இவை கொக்கியைப் பற்றியவை அல்ல. எதுவானாலும் என்று சொன்னதால் எழுதுகிறேன். ஏணியின் இடது கால் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றவில்லை. மாப்பிள்ளைக்கு இரண்டு மாதமாக ஏணியில் ஏறினால் தலை சுற்றுகிறது. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.'

நிமிர்ந்து பார்த்தாள். கணவர் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தியத்தை மீறிய மனிதரின் முகம். அவளுக்குப் பழைய பயம் முன்னெப்போதையும்விட அதிகமாகவே எழுந்தது. போனை எடுத்தாள். நாலாவது மணியில் தம்பி எடுத்தான்.

"நாளைக்கு நீ வேலைக்குப் போகல" என்றாள். "காலையில எட்டு மணிக்கு வரேன். டாக்டர்கிட்ட போறோம்."

"சரிக்கா" என்றான் தம்பி. "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."