ஏக்கம் என்று நினைத்தது

டீ டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்து, கண்ணை மூடி, ஒரு முறை ஆழமாக மூச்சை இழுக்கிறார் முருகம்மாள். பிறகு ஒரு வாய்கூடக் குடிக்காமல் பக்கத்தில் வேலை செய்யும் மாரிசெல்வியிடம் நீட்டுகிறார்.

"வாசம் எனக்கு, மிச்சம் ஒனக்கு."

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குத் தூக்குவாளியில் வரும் டீயில் சீனி முதலிலேயே கலந்திருக்கும். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய் இருப்பதால் முருகம்மாளின் பங்கு அந்த மணம் மட்டும்தான்.

வயது ஐம்பத்திரண்டு. பேக்கிங் அறையில் வேலை. புஸ்வாணங்களை அடுக்கும்போது பெட்டியைப் பார்ப்பதே இல்லை, விரல்கள் பார்த்துக்கொள்ளும். வாய் பேசிக்கொண்டே இருக்கும். எங்கே தொடங்கினாலும் பேச்சு குவைத்தில் போய் நிற்கும். ஒரே மகன் கதிரவன் அங்கே ஏசி மெக்கானிக். "இன்னிக்கு அங்கன மணல் காத்தாம்" என்பார், பக்கத்துத் தெருச் சேதி சொல்வதுபோல. கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது.

மகன் புறப்பட்டது இரண்டு வருடத்துக்கு முந்தைய மாசியில். விருதுநகர் ஸ்டேஷனில் அவனைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பியவருக்கு, பஸ் நிறுத்தத்தில் திடீரென்று வேர்த்துக் கொட்டியது. வாந்தி வந்தது. கால்கள் துவண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் எங்கும் வலி இல்லை. துணைக்குப் போயிருந்த மாரிசெல்வி சோடா வாங்கிக் கொடுத்து, "புள்ளைய அனுப்புன ஏக்கம்க்கா. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார்.

சரியாகவில்லை. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. கம்பெனிக்கு நடக்கும் வழியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. யார் கேட்டாலும் முருகம்மாளிடம் ஒரே பதில்தான். "ஏக்கம் தாயி. அவன் வந்தாச் சரியாப்போகும்."

இந்தச் சித்திரையில் சர்க்கரை நோயாளிகளுக்கு இருதயப் பரிசோதனை செய்ய, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வினோலியா ஈசிஜி மிஷினோடு ஊருக்கு வந்தார். முருகம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"எனக்கு நெஞ்சு வலியே வந்ததில்ல. வலிக்கிறவுகளப் போய்ப் பாருங்க."

"வலிக்காதவுகளத் தேடித்தான்க்கா வந்திருக்கேன்" என்றார் வினோலியா. "சர்க்கரை ரொம்ப வருசம் இருந்தா நரம்பு மரத்துப்போகும். இருதயத்துக்கு ஒண்ணுன்னாலும் வலி தெரியாது. நடந்தா மூச்சு வாங்குதா?"

"அது ஏக்கம்."

"எதுக்கும் படுங்க. ஏக்கம்னா மிஷின்ல தெரியாது. பாத்துருவோம்."

படுத்தார். மிஷினில் தெரிந்தது. விருதுநகரில் ஈசிஜியையும் ஸ்கேனையும் பார்த்த டாக்டர், இவருக்கு ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்றார். எப்போதாவது காரணமில்லாமல் வேர்த்து, வாந்தி வந்து, தளர்ந்துபோனதுண்டா என்று கேட்டார்.

"எம்மகன் ரயிலேறுன அன்னிக்கு" என்றார் முருகம்மாள்.

"அன்னைக்குத்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா அதுவாத்தான் இருக்கணும்."

ஒரு ரத்தக்குழாய் ஏறக்குறைய முழுதும் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மாரிசெல்வி "நான் தங்கச்சி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே போகும் முன் முருகம்மாள் அவரது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: கதிரவனுக்குத் தெரியக் கூடாது.

"தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்துருவான். வந்தா திரும்பிப் போகமாட்டான். எனக்கு ஆசையும் அதான், பயமும் அதான்."

இரண்டு மாதம் கழித்து, மாத்திரைகளோடு மறுபடியும் பேக்கிங் அறைக்கு வந்தார். இப்போது வழியில் எங்கும் நிற்பதில்லை. குடம் கனக்கவில்லை. ஆனால் இதை எழுதுவதற்காக நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை மாலையில், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, நோயாளிகள் சொல்லும் பதிலைச் சொல்லவில்லை.

"மூச்சு நல்லா வருது தம்பி. ஆனா பாருங்க, அடைப்ப எடுத்தா அவன் இல்லாத பாரமும் சேந்து போயிரும்னு நெனச்சிருந்தேன். ரெண்டு வருசம் ரெண்டையும் ஒண்ணாவே சொமந்துட்டேன்ல. எது எதுன்னு தெரியல. இப்பத்தான் தெரியுது. இது தனியா இருக்கு."

நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லை. வாசல் பக்கம் பார்த்தார்.

வெள்ளி அங்கே விடுமுறை. கதிரவன் பேசும் நாள். ஆறரைக்குப் போன் வந்தது. எடுத்ததுமே அவன் குரல் எனக்குக் கேட்கும் அளவுக்கு ஓங்கி இருந்தது. மாரிசெல்வியால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. முந்தின நாளே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல? நான் செத்தா போயிட்டேன்?"

"அப்படிச் சொல்லாத ஐயா."

"டிக்கெட் பாக்கேன். அடுத்த வாரம் வாரேன்."

முருகம்மாள் வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் திறந்தார். அந்தப் பக்கம் மகன் அழுவது கேட்டது.

"நீ நல்லாத்தான் இருக்கியா? உண்மையச் சொல்லும்மா."

"இருக்கேன்யா. இப்ப நல்லா அடிக்குது. நீயே கேளு."

போனைக் காதிலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பை விலக்கி, இடது மார்பின்மேல் வைத்து இரு கைகளாலும் அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கைகளுக்குள்ளிருந்து கதிரவனின் குரல் சன்னமாக வந்தது.

"ஒண்ணும் கேக்கலையேம்மா."

அவர் போனை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.