மிளகாய் இலையில் மஞ்சள் திட்டு

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். கொஸ்லந்தையிலிருந்து ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு நான் மருமகளாய் வந்து சேர்ந்த கையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாமியார் போட்டிருந்த மிளகாய்ச் செடிகளுக்கு நோய் வந்தது. இலையெல்லாம் பச்சையும் மஞ்சளுமாய்த் திட்டுத்திட்டாகிச் சுருங்கிப்போயிற்று. காரணம் யார்? வேறு யார், நான்தான்!

"வந்த மகராசி கண்ணு பட்டுருச்சு. செடி தேறலன்னா இவள கொஸ்லந்தைக்கே கொண்டுபோய் விட்ருவேன்," என்றார் மாமியார், லயமே கேட்கும்படி. என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மாமியார் தினமும் காலையில் பாத்தியில் இறங்குவார். குழந்தையின் கன்னத்தை வழிப்பதுபோல் ஒவ்வொரு செடியையும் இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பார். திருஷ்டி கழிக்கிறாராம்! நோய்ச் செடியில் தொடங்கி நல்ல செடிவரை போவார். அவர் கை போன வழியிலேயே மஞ்சளும் போவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என் கண்ணுதானே பொல்லாதது, அத்தை? ஓரத்துப் புதுப் பாத்திய யாரும் தொடாதீங்க. நான் மட்டும் முழிச்சு முழிச்சுப் பாக்குறேன். மத்ததுக்கு நீங்க நெட்டி முறிங்க. என் பாத்தி மஞ்சளானா நானே மூட்டையக் கட்டுறேன்."

"பாக்கலாம்டி," என்றார்.

அதற்கப்புறம் லயத்தில் இதே பேச்சுதான். விடிந்ததும் கொழுந்துக் கூடையோடு வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுமுன் அந்தப் பாத்தி முன்னால் நின்று கண் கொட்டாமல் பார்ப்பேன். வெளியே வீராப்பு, உள்ளே திக்திக். ஓர் இலை லேசாய் மடங்கினாலும் உயிரே போய்விடும். அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்!

ஒரு மாதம் போனது. மற்ற பாத்திகள் முழுக்க மஞ்சள் திட்டு. என் பாத்தி பச்சைப் பசேல், பூவும் வைத்திருந்தது! நான் போட்ட சத்தத்தில் லயமே ஓடிவந்தது. நோய்ச் செடியின் சாற்றிலுள்ள வைரஸ் கைபட்டுச் செடிக்குச் செடி தொற்றும் என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் எங்கேயும் போகவேண்டியதில்லை!

மாமியார் குனிந்து அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அப்பவே தெரியும், இவ கண்ணுல ஒண்ணும் இல்லன்னு," என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரிஞ்சவரு அன்னிக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றேன், எல்லார் முன்னாலும்.

மாமியார் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "நல்லாக் கேளுடி," என்றார்.