கோட்டை வாசல் மீன்கள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவும் மாமாவும் என்னைத் திருகோணமலை பார்க்கக் கூட்டிப்போனார்கள். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அது மாமாவுக்குப் பெண் பார்க்கும் பயணம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் யார் முகத்தையும் முறிக்கத் தேவையில்லை. சாமி கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். முன்பும் இரண்டு இடத்தில் மாமாவை வேண்டாம் என்றிருந்தார்கள், படிப்புப் போதாதாம். அதனால் மூதூரில் லாஞ்சிப் படகு ஏறியபோதே அம்மா வாய்க்குள் தேவாரம் பாடத் தொடங்கிவிட்டார்.

மாமா கட்டைபறிச்சானில் மீன் வியாபாரம் செய்தார். லாஞ்சியில் வரும்வரை பேயறைந்தவர்போல இருந்தவர், கோட்டை வாசல் கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கியிருப்பதைக் கண்டதும் உசாராகிவிட்டார்.

“இது ரெண்டும் கொடுவா. வாலைப் பார், தெரியும். இஞ்ச மீன் நல்லாப் படும் எண்டு வெள்ளைக்காரன் அடையாளம் வைச்சிருக்கிறான்.”

தகப்பனோடு பின்னால் வந்து நின்ற ஓர் அக்கா சிரித்துவிட்டார்.

“அது பாண்டியரின்ர சின்னம். போர்த்துக்கீசர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லுகளாலதான் கோட்டை கட்டினவங்கள். கல்லோட மீனும் வந்திட்டுது.”

அவர்தான் பெண். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவர். அம்மாவின் முகம் கறுத்துப்போனது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் விஷயத்தில் மாமாவை ஒருவர் திருத்துவதா?

“எங்கட மாமாவுக்கு மீன் தெரியாதோ?” என்று சண்டைக்குப் போனேன். அம்மா என் தோளில் கிள்ளினார்.

மாமா கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்கள் சொல்லுறது சரியாத்தான் இருக்கும். எனக்கு இது தெரியாது,” என்றார். “அப்ப பழைய கோயில் எங்க இருந்தது? விளங்கச் சொல்லுங்கோவன்.”

அக்கா சொல்லத் தொடங்கினார். மலை உச்சி வரை சொன்னார். கோட்டைக்குள் திரியும் மான் ஒன்று அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போனது. அதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை. எங்கள் மாமா வாய் மூடி நடந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

வேண்டாம் என்று சொல்லும் முடிவோடுதான் அன்று வந்ததாக மாமி இப்போதும் சொல்வார். தான் ஒரு பிழையைத் திருத்தியபோது முறைக்காமல் மேலே கேள்வி கேட்ட ஆம்பிளை இவர் ஒருவர்தானாம்.

இதெல்லாம் எனக்கு அன்று எப்படித் தெரியும்? திரும்பும் லாஞ்சியில் மாமா கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். ஊர் பேர் தெரியாத அக்காவிடம் தோற்றுவிட்டு இந்த மனிதருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூதூர் இறங்குதுறை வரை நான் அவரோடு கதைக்கவில்லை.